குமிழுக்கு வைத்த பொட்டு

தன் கல்யாணத்தில் தானே பேஸ் கிட்டார் வாசிக்கலாம் என்று இக்னேசியஸ் நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அதை நம்பி மாமனாரிடம் பந்தயம் வேறு கட்டிவிட்டான். அதனால்தான் கல்யாணத்தன்று ஊரே கேக் தின்றுகொண்டிருந்தபோது மாப்பிள்ளை மட்டும் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தான். மலைநாட்டு நோட்டன் பிரிட்ஜ் குளிரில் ஒரு மனிதனுக்கு வேர்க்கிறது என்றால் விஷயம் லேசுப்பட்டதல்ல.

முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும். அது எண்பதாம் வருஷம். இக்னேசியஸ் பிறந்து வளர்ந்தது நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்கு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். வேலை, அட்டன் டவுனில் ஆணியும் பெயிண்டும் தகரமும் விற்கிற ஒரு கடையில். வாரக் கடைசி வந்தால் ஆள் மாறிவிடுவான். சித்தப்பா மகன் லியனார்ட், பாட்டுக்காரன் றோலண்ட், டிரம் அடிக்கிற அழகன், இவர்களோடு சேர்ந்து கல்யாணம், சடங்கு, கோயில் திருநாள் என்று யார் கூப்பிட்டாலும் போய் வாசித்துவிட்டு வருவான். லியனார்டும் கிட்டார்தான் வாசித்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற கிட்டார்.

பேஸ் வாசிக்கிறவன் பாடு பாவம். அவன் வாசிக்காவிட்டால் பாட்டு நொண்டும், ஆனால் வாசிக்கிறான் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. "தம்பி, ஒங்களுக்கு ஏன் ரெண்டு கம்பி கொறச்சலா இருக்கு?" என்று அவனைக் கேட்காத கல்யாண வீடு கிடையாது. இக்னேசியஸ் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

ஆகவேதான் அவன் அட்டனில் ரேடியோ திருத்துகிற ஒருவரைப் பிடித்துத் தனக்கென்று ஒரு எம்ப்ளிபயர் செய்வித்தான். பலாப் பலகையில் பெட்டி, நடுவில் பெரிய ஸ்பீக்கர், மேலே ஒரு தகட்டில் வரிசையாகக் குமிழ்கள். ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. மற்ற மூன்றும் பேஸ், மிடில், ட்ரெபிள். பேஸ் அடிக்குரலுக்கு, ட்ரெபிள் உச்சிக்குரலுக்கு, மிடில் இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு. செய்துகொடுத்தவர் அவ்வளவுதான் சொன்னார். எதை எவ்வளவு திருப்புவது என்று கேட்டதற்கு, "காது சொல்லும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இக்னேசியஸின் காது ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது இன்னொருத்தியின் காது.

அவர்கள் நாலு பேரும் பாட்டுப் பழகியது பிள்ளைக்காம்பராவில். பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்தக் கட்டடம் தேயிலைப் பெக்டரிக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் கரண்டும் இருந்தது. லயங்களில் அப்போது கரண்டு கிடையாது. கூப்பிடு தூரத்தில் ஆற்றை மறித்துக் கரண்டு எடுக்கிறார்கள், லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிகிறது. அதைப் பேச ஆரம்பித்தால் கதை கல்யாணத்துக்குப் போய்ச் சேராது. பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பு றோசலின், அந்தப் பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் செபமாலையின் மகள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவள்தான் கதவைத் திறந்துவிடுவாள்.

முதல் ஞாயிறு இக்னேசியஸ் பேஸ் குமிழைப் பிடித்து முழுக்கத் திருப்பினான். பேஸ் கிட்டாருக்குப் பேஸைக் கூட்டாமல் வேறு எதைக் கூட்டுவது என்பது அவன் கணக்கு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"சத்தம் பெருசாத்தான் இருக்கு," என்றாள் கதவோரமாக நின்ற றோசலின். "ஆனா என்னா வாசிக்கிறீங்கன்னு வெளங்கல. எல்லாம் ஒரே எடத்துலயே நிக்கிது."

அடுத்தது ட்ரெபிளைக் கூட்டிப் பார்த்தான். கம்பியில் விரல் உராய்கிற சத்தம் மட்டும் தனியாகக் கிளம்பி வந்து பல்லைக் கூசச் செய்தது. பிறகு மிடிலை அடியோடு குறைத்தான். அப்போது சத்தம் தேனாக இருந்தது, தனியாக வாசித்த மட்டும். அழகன் டிரம்மில் கை வைத்து லியனார்டும் சேர்ந்துகொண்டதும் தேனைக் காணோம். இக்னேசியஸ் தன்பாட்டுக்கு விரலை ஆட்டிக்கொண்டிருந்தான், ஊமைப்படம் மாதிரி.

இப்படியே சில ஞாயிறுகள் போயின. ஒரு நாள் தோட்டத்தில் கொழுந்து அதிகம் என்று ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு, அன்றன்றைக்கே கூலி கொடுத்து, ஆள் எடுத்தார்கள். கொழுந்தெடுக்க மலைக்குப் போன பூரணி என்கிறவள் தன் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போயிருந்தாள். கூரைக் கம்புகளிலிருந்து வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்களில் ஒன்றில் அது தூங்கிக்கொண்டிருந்தது.

பேஸ் கூடினால் குழந்தை வீரிட்டது. றோசலின் ஓடிப்போய்த் தொட்டிலை ஆட்டித் தூங்கவைத்தாள். ட்ரெபிள் கூடினால் திடுக்கிட்டுக் கை காலை உதறியது. மறுபடியும் ஓடினாள். "புள்ளையத் தூங்கவிட மாட்டீங்களா?" என்றாள் நாலாம் தடவை. இக்னேசியஸுக்கு வெட்கமாகிவிட்டது. பேஸைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே விட்டான், ட்ரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்கினான், இதுவரை அவன் மதிக்காத மிடிலைப் பயந்து பயந்து பாதிவரை ஏற்றினான். எல்லாரும் சேர்ந்து வாசித்தார்கள்.

குழந்தை கண்ணைத் திறந்தது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போயிற்று.

"தொடாதீங்க," என்றாள் றோசலின். "அப்புடியே விடுங்க. இப்ப ஒவ்வொண்ணும் நடந்து போற மாதிரி கேக்குது." அவள் பைக்குள்ளிருந்து சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலை எடுத்து, குமிழின் வெள்ளைக் கோடு நிற்கிற இடத்துக்கு நேரே தகட்டில் ஒரு பொட்டு வைத்தாள். மூன்று குமிழுக்கும் வைத்தாள். குனிந்து ஊதிக் காயவைத்தாள். இக்னேசியஸ் பொட்டைப் பார்க்கவில்லை, ஊதுகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைய பாட்டுப் பழக்கம் முடிந்துவிட்டது என்று றோலண்ட் இரண்டு தடவை சொன்னது அவன் காதில் விழவேயில்லை.

ஆக, காதல் அங்கே தொடங்கி ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியில் செபமாலையிடம் வந்து நின்றது. டீமேக்கரய்யா கோபக்காரர் அல்ல. பெக்டரியின் இரைச்சலிலேயே காலத்தைக் கழித்தவர், ஆகையால் சத்தமில்லாமல் பேசுவார். இக்னேசியஸை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"தம்பி, நல்ல வேல பாக்குறீங்க. குடிக்கிறதில்ல. பூசைக்கு வாறீங்க. ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அந்தப் பொட்டிதான்."

"பொட்டி என்னாங்க செஞ்சிச்சி?"

"போன வருஷம் அந்தோணியார் திருநாளுக்கு வாசிச்சீங்க. நான் வீட்டுல இருந்து கேட்டேன். பாடுறவன் பாட்டு கேக்குது. மத்தவன் கிட்டாரு கேக்குது. நடுவுல கும்மு கும்முன்னு ஒண்ணு. பெக்டரி ரோலர்ல பேரிங் போனா அப்புடித்தான் வரும். நான் பதறிப்போயி பெக்டரிக்கு ஓடிப் பாத்துட்டு வந்தேன்."

அது பொட்டு வைப்பதற்கு முந்திய கதை என்று விளக்கிச் சொல்லியிருக்கலாம். இக்னேசியஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாமா, கல்யாணத்தன்னைக்கி நான் வாசிக்கிறேன். நீங்க கேளுங்க. அப்பவும் ஒங்களுக்கு வெளங்கலன்னா பொட்டியையும் கிட்டாரையும் வித்துப்புடுறேன். அதுக்கப்புறம் தொட மாட்டேன்," என்றான்.

செபமாலை எழுந்து கைகொடுத்தார். பொகவந்தலாவையில் ஒரு பாட்டுக் கூட்டம் இந்த மாதிரிப் பெட்டி தேடுகிறார்கள் என்றும், தானே சொல்லி அனுப்புவதாகவும் உதவி மனப்பான்மையோடு சொன்னார்.

"என்னையக் கேக்காம எதுக்குங்க வாக்கு குடுத்தீங்க?" என்று றோசலின் பொரிந்து தள்ளினாள். "அந்தப் பொட்டி ஒங்களுது மட்டுமா?"

"பொட்டு இருக்கு, நான் இருக்கேன். பிறகு என்னா பயம்?" என்றான் இக்னேசியஸ்.

பயம் மாமியார் வடிவத்தில் வந்தது. கல்யாணம் நெருங்கியபோது மரியநாயகி வீட்டு முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "பூசை முடிஞ்சி வந்து நாற்காலியில ஒக்காந்தா ஒக்காந்ததுதான். கடைசி ஆளு கைகுடுத்துட்டுப் போற வரைக்கும் பொண்ணும் மாப்புளையும் எந்திரிக்கக் கூடாது. எங்க அம்மா காலத்துலேர்ந்து எங்க வீட்டுல அப்புடித்தான். எங்க சின்னக்கா எந்திரிச்சா, அவ புருஷன் இன்னமும் வீடு தங்குறதில்ல."

"அத்தே, நான் ஒரே ஒரு பாட்டு மட்டும்..."

"மாப்புள வாத்தியம் வாசிச்சா கைகுடுக்க வாறவங்க யாரு கையப் புடிக்கிறது?"

இக்னேசியஸ் செபமாலையிடம் போய்ப் பந்தயத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டான். "வாசிக்கிறவன் யாரா இருந்தா என்னா, பொட்டி அதே பொட்டிதானே," என்றார் அவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

தன் கிட்டாரை அன்றைக்கு ஒதுக்கிவைத்துவிட்டுப் பேஸ் வாசிக்கிற பொறுப்பு லியனார்ட் தலையில் விழுந்தது. லியனார்ட் நல்ல பையன், விரலும் ஓடும். ஒரே ஒரு குறை, சொன்னதைச் சொன்னபடியே செய்வான். கூட ஒன்றும் யோசிக்க மாட்டான். அரிசி வாங்கி வா என்றால் கடை பூட்டியிருந்தால்கூடத் திறக்கும் வரைக்கும் அங்கேயே நிற்பான். இக்னேசியஸுக்கு அது அப்போது குறையாகத் தெரியவில்லை. எல்லா ஓட்டங்களையும் கற்றுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் அவன் தோளைப் பிடித்துச் சொன்னான்: "தம்பி, மூணு செவப்புப் பொட்டு. கோடு அதுக்கு நேரா நிக்கணும். உசுரே போனாலும் அத விட்டு நகத்தக் கூடாது. யாரு வந்து சொன்னாலும் சரி."

"சரிண்ணே," என்றான் லியனார்ட்.

கல்யாணத்தன்று காலையில் பூசை நன்றாக நடந்தது. விருந்து டீமேக்கரின் குவார்ட்டஸ் வீட்டு முற்றத்தில், தகரம் போட்ட பந்தலில். முந்தின நாள் பின்னேரம் இக்னேசியஸ் அங்கே வந்து பெட்டியைச் சிமெந்துத் தரையில் வைத்துப் பொட்டுக்கு நேரே திருப்பி வாசித்துப் பார்த்திருந்தான். குறை சொல்ல இடமில்லை. நிம்மதியாகத் தூங்கினான்.

பூசை முடிந்து ஊர்வலமாகப் பந்தலுக்குள் நுழைந்தபோது அவன் முதலில் பார்த்தது மேடையை. முந்தின நாள் அங்கே மேடையே இல்லை. பாட்டுக்காரர்கள் இடுப்பளவு உயரத்தில், ஜனங்களுக்கு மேலே, ராஜா மாதிரி நின்றார்கள்.

"பின்னால இருக்கிறவங்களுக்கும் தெரியணும்ல," என்றார் செபமாலை பெருமையாக. "காலையில நம்ம பெக்டரிப் பொடியன்மார வச்சிக் கட்டுனேன். டீ பெட்டி. எல்லாம் வெறும் பெட்டி, மேல பலக போட்டிருக்கு."

எம்ப்ளிபயர் பெட்டியை விற்க வைக்கப்போகிறவர், அதை வாசிக்கிறவர்களுக்கு மேடை கட்டிக் கொடுத்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட மனிதர் என்று இக்னேசியஸுக்கு மனசு இளகியது. வெறும் டீ பெட்டி என்றால் என்ன என்பது அவனுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. மெல்லிய பலகையில் அடித்த நாலு பக்கமும் மூடிய பெட்டி, உள்ளே ஈயத்தாளும் காற்றும். அந்த மாதிரிப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் தலையில் எம்ப்ளிபயரைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

லியனார்ட் குனிந்தான். கோடுகளைப் பொட்டுகளுக்கு நேரே கொண்டுவந்தான். ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்தான். முதல் கம்பியைத் தட்டினான்.

கும்மென்று எழும்பிய சத்தம் நாற்காலிக் கால்கள் வழியாக இக்னேசியஸின் முதுகுத்தண்டுக்கு ஏறியது. அடுத்த சுரமும் கும். அதற்கடுத்ததும் கும். பேஸ் எந்தச் சுரத்தைத் தொட்டாலும் மேடை முழுவதும் சேர்ந்துகொண்டு ஒரே சத்தத்தை உண்டாக்கியது. தலைக்கு மேலே பந்தல் தகரம் ஒத்து ஊதியது. பலகை இடுக்குகளிலிருந்து, பழைய பெட்டிகளில் தங்கியிருந்த தேயிலைத் தூள் மெல்லிய புகையாகக் கிளம்பியது. றோலண்ட் பல்லவியின் நடுவில் ஒரு தும்மல் போட்டான். ஜனங்கள் அதைப் பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

செபமாலை தலையைத் திருப்பிப் பெக்டரி இருக்கிற பக்கம் பார்த்தார். இக்னேசியஸ் அதைக் கண்டான்.

எழுந்து ஓடியிருப்பான். முன்னால் கைகொடுக்கிற வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. பக்கத்தில் மரியநாயகி காவல் நின்றாள். "வாழ்த்துகள் மாப்புள," என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்க, அவர் தோளுக்கு மேலாக எட்டி லியனார்டுக்குச் சைகை காட்டினான். உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினான், பேஸைக் குறை என்று. லியனார்ட் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இன்னும் தாழ்ந்த சுரத்துக்கு இறங்கினான். மேடை கர்ஜித்தது. விரல்களால் எதையோ திருகுவது மாதிரிக் காட்டினான். லியனார்ட் யோசித்துவிட்டு, கிட்டாரின் தலையில் இருக்கிற ஆணியைத் திருகிக் கம்பியை இறுக்கினான். இப்போது கும்மும் சரியில்லை, சுருதியும் சரியில்லை.

சாப்பாட்டுத் தட்டோடு போன ஒரு மாமாவைப் பிடித்துச் சொல்லி அனுப்பினான். அவர் மேடைக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "யாரு வந்து சொன்னாலும் நகத்தக் கூடாதுன்னு மாப்புளயே சொல்லியிருக்காராம். நல்ல பொடியன் தம்பி அவன், ஒங்க பேச்ச மீற மாட்டேங்கிறான்."

இக்னேசியஸுக்கு அழுகை வந்தது. கல்யாண நாள் அழக் கூடாது என்றுதான் அடக்கிக்கொண்டான். பொகவந்தலாவைக்காரர்கள் கயிறும் சாக்குமாக வந்து தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சிவப்புப் பொட்டுகளை அவர்கள் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

அப்போது கூட்டத்துக்குள் ஒரு குழந்தை வீரிட்டது. பூரணியின் இடுப்பில் இருந்த குழந்தைதான். இப்போது நடக்கிற வயசு, ஆனால் தொண்டை அதேதான்.

பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண் நிமிர்ந்தாள். குழந்தையைப் பார்த்தாள். மேடையிலிருந்து கிளம்புகிற தூளைப் பார்த்தாள். மேடைக்குக் கீழே துணி சரிந்த இடத்தில் தெரிந்த பெட்டிகளையும் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள் மெதுவாக, "நம்ம பிள்ளைக்காம்பராவுல தரையில வச்சித்தானே பொட்டு வச்சோம்? சேலத் தொட்டிலு வேற வரிசையாத் தொங்கி சத்தத்த அமுக்கிச்சி."

"ஆமா. இங்க அடியில மத்தளம் வச்சிருக்காரு ஒங்க அப்பா," என்றான் இக்னேசியஸ். "லியனார்டு யாரு சொன்னாலும் கேக்க மாட்டான். நான் எந்திரிச்சாத்தான் உண்டு."

"நீங்க இருங்க."

கேக் வெட்டி முடிந்திருந்தது. றோசலின் கேக் தட்டைக் கையில் எடுத்தாள். எழுந்து நின்றாள். வரிசையில் நின்றவர்கள் ஓர் எட்டுப் பின்னால் போனார்கள்.

"அடியே, ஒக்காரு," என்றாள் மரியநாயகி.

"பாடுறவங்க காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலம்மா. நானே குடுத்துட்டு வாறேன். கேக்குக் குடுக்குறதுக்கு மொற ஒண்ணும் இல்லையே?"

மரியநாயகி யோசித்தாள். அவள் அம்மா காலத்தில் கல்யாணத்துக்குக் கேக்கே கிடையாது, அதனால் அதற்கு முறையும் கிடையாது. அவள் யோசித்து முடிப்பதற்குள் மகள் போய்விட்டாள். போகிற வழியில் சீர்ச் சாமான்கள் குவித்து வைத்திருந்த மேசையிலிருந்து இரண்டு தலையணைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். புது இலவம் பஞ்சுத் தலையணைகள். ஒன்றில் மாப்பிள்ளை பேரும் மற்றதில் பெண் பேரும் மரியநாயகி ராத்திரி பகலாக நூல் பூ போட்டு எழுதியவை.

வெள்ளைச் சேலையும் தலையில் நெட்டு முக்காடுமாக மணப்பெண் மேடை ஏறியதும் பாட்டு தானாக நின்றது. அழகனின் வாயில் ஒரு துண்டு கேக்கை வைத்தாள். "அழகண்ணே, பொட்டிய ஒரு கை தூக்குங்க." அழகன் மென்றுகொண்டே தூக்கினான். அடியில் இரண்டு தலையணைகளையும் தள்ளினாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு குமிழ்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அண்ணி, வேணாம்," என்றான் லியனார்ட் பதறி. "உசுரே போனாலும் நகத்தக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காரு. யாரு சொன்னாலும்."

"அந்தப் பொட்ட வச்சவளே நான்தான்," என்றாள் றோசலின்.

லியனார்ட் ஒதுங்கி வழிவிட்டான். இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்று அண்ணன் சொல்லித் தரவில்லை.

"வாசிங்க. பாட்டு வேணாம், நீங்க மட்டும்."

அவன் வாசித்தான். தலையணை மேடையின் குரலைப் பாதி விழுங்கியிருந்தது. மிச்சப் பாதிக்கு அவள் பேஸைப் பொட்டைத் தாண்டிக் கீழே, நன்றாகக் கீழே இறக்கினாள். கும் தணிந்தது, கூடவே சத்தமும் மெலிந்தது. மிடிலைப் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றினாள். பாதியைத் தாண்டி முக்காலுக்கு வந்தபோது தலையைத் திருப்பி, பந்தலின் அந்தக் கோடியில் இருந்த புருஷனைப் பார்த்தாள். இக்னேசியஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கி, ஒரு நூல் அளவு என்று காட்டினான். அவள் ஒரு நூல் அளவு குறைத்தாள். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"இப்ப எல்லாரும் வாசிங்க," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்திருக்காமல் அங்கேயே காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

றோலண்ட் பாடத் தொடங்கினான். அவன் குரலுக்கு அடியில், டிரம்முக்குப் பக்கத்தில், யாரோ ஒருவர் நிதானமாக நடந்துபோவது பந்தல் முழுவதும் கேட்டது. ஏறுகிறார், நிற்கிறார், இரண்டு படி இறங்குகிறார், பாட்டு வளைகிற இடத்தில் முன்னாலேயே போய்க் காத்திருக்கிறார். லியனார்டின் விரலில் இக்னேசியஸ் போட்டுக்கொடுத்த ஓட்டம் ஒன்றுவிடாமல் கேட்டது. கைகொடுக்கிற வரிசையில் நின்றவர்களின் தோள் தன்னாலேயே அசைந்தது. பூரணியின் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இடுப்பிலிருந்து இறங்க வேண்டும் என்று காலை உதறியது.

இக்னேசியஸ் மாமனாரைத் தேடினான். செபமாலை சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றார். கரண்டியிலிருந்த சோறு அப்படியே இருந்தது. தட்டை நீட்டிக்கொண்டு நின்ற ஆள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார். செபமாலையின் தாடை அசைந்துகொண்டிருந்தது. ஏதோ மெல்கிறார் என்றுதான் இக்னேசியஸ் முதலில் நினைத்தான். அவர் மெல்லவில்லை. பாடிக்கொண்டிருந்தார்.

கரண்டியை வைத்துவிட்டு மேடைக்குப் போனார். பெட்டிக்கு முன்னால் நின்றார். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் நின்றார். பிறகு நேராக மாப்பிள்ளை நாற்காலிக்கு வந்து, கைகொடுக்கிற வரிசையில் இடையில் புகுந்தார்.

"மாப்புள, அந்தக் கீழ்வரிசைய யாரு போட்டுக் குடுத்தா?"

"யாரும் இல்ல மாமா. நானேதான், பாட்டக் கேட்டுக் கேட்டு..."

"பொடியனா இருக்கையில அட்டன் கோயில் பாட்டுக் கோஷ்டியில எனக்குக் கீழ்க்குரலு குடுத்தாங்க. அன்னையிலேர்ந்து அதத்தான் பாடிக்கிட்டு வாறேன். பெரிய பூசைக்கெல்லாம் பாடுவேன். ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க சும்மா வாயத்தான் அசைக்கிறீங்களான்னு ஒங்க அத்தகூடக் கேப்பா." அவர் மேடைப் பக்கம் கையைக் காட்டினார். "அது வெளிய நின்னு கேட்டா எப்புடி இருக்கும்னு இன்னைக்கித்தான் தெரிஞ்சிக்கிட்டேன்."

இக்னேசியஸ் மாமனாரின் கையைப் பிடித்தவன் விடவேயில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"அப்ப பொகவந்தலாவக்காரங்க மாமா?"

"அவங்க கெடக்குறாங்க," என்றார் செபமாலை. "அது போகட்டும், மொதல்ல ஏன் அப்புடி கும்முன்னுச்சி?"

மேடை கட்டியவரிடம் அதை எப்படிச் சொல்வது? தட்டைக் காலி செய்துவிட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்த றோசலின்தான் சொன்னாள். "அப்பா, இனிமே யாரு கல்யாணத்துக்கும் டீ பெட்டியில மேட கட்டாதீங்க."

செபமாலை மேடையைத் திரும்பிப் பார்த்தார். பலகை இடுக்கில் படிந்திருந்த தூளைப் பார்த்தார். டீமேக்கர் அல்லவா, காரணம் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். அந்த மனிதர் சத்தம் போட்டுச் சிரித்ததைத் தோட்டம் அன்றைக்குத்தான் கேட்டது.

மரியநாயகி மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் தலையணைகளை எடுத்து உதறியபோது அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எவ்வளவு துவைத்தும் அந்தத் தலையணைகளில் தேயிலை வாசம் வெகுநாள் போகவில்லை. இக்னேசியஸ் அதில் தலை வைத்துச் சுகமாகத் தூங்கினான். மணப்பெண் நடுவில் எழுந்ததால் புருஷன் வீடு தங்க மாட்டான் என்று மாமியார் பயந்தாளே, அவன் கடை விட்டால் நேரே வீட்டுக்குத்தான் வந்தான்.

அவர்கள் நோட்டன் பிரிட்ஜ் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். எம்ப்ளிபயர் முன்னறையில், தரையில். கல்யாணப் பந்தலில் குமிழ்கள் நின்ற இடங்களுக்கு றோசலின் வேறு நிறத்தில், ரோஸ் கியூட்டெக்ஸில் பொட்டு வைத்தாள், மறுபடியும் யாராவது மேடை கட்டினால் உதவும் என்று. சிவப்புக்கும் ரோஸுக்கும் நடுவில் வீட்டுக்கு எது சரி என்று தேடுவது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகிவிட்டது.

ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் செபமாலை வருவார். மகளைப் பார்க்க வருவதாகச் சொல்வார். மகள் குசினிக்குள் இருப்பாள், அவர் முன்னறையில் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கூடவே முனகிக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு பார்த்தால் பேஸ் குமிழ் எப்போதும் ஒரு நூல் கூடியிருக்கும். றோசலின் பழைய இடத்துக்குத் திருப்பிவைப்பாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் கூடியிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்குக் கிளம்பிய இக்னேசியஸ் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டும்போது தகட்டைப் பார்த்தான். பேஸ் குமிழுக்குப் பக்கத்தில், சிவப்புக்கும் ரோஸுக்கும் துணையாக, மூன்றாவதாக ஒரு பொட்டு இருந்தது. கறுப்புப் பொட்டு. விரலால் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை. டீ பெட்டிகளின் மேல் தோட்டத்தின் பேரை அச்சடிக்கிற பெக்டரி மை அது, மழையில் நனைந்தாலும் கப்பலில் போனாலும் அழியாது.

அவன் குமிழைப் பிடித்து அந்தப் பொட்டுக்கு நேரே திருப்பினான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதை நகர்த்தவில்லை.